சோரக்கண்ணியின் முகவரி

மானாவாரிக் காட்டில் புதிதாக ஒரு பண்ணைக்குட்டை வெட்டுகிறார்கள். பொக்லைன் வைத்து இரண்டு நாள் வேலை. ஐப்பசியில் பெய்த மழைக்குக் குட்டை நிரம்பிவிடுகிறது. ஒரு குஞ்சைக்கூட யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஆனாலும் அடுத்த சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றி, பையன்கள் இறங்கிச் சேற்றைக் கலக்கினால் கெளுத்தி குத்துகிறது, குரவை வழுக்குகிறது, விரால் ஒன்று கால்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறது. இவை எங்கிருந்து வந்தன? மழையோடு விழுந்தது என்பார் ஒருவர். கொக்கு காலில் முட்டை ஒட்டி வந்தது என்பார் இன்னொருவர். மண்ணுக்குள்ளேயே இருந்தது என்று அடித்துச் சொல்லவும் ஒரு பெரியவர் இருப்பார்.

இந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மீனைப் பற்றி ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கும்: தண்ணீர் இருந்தால் மீன் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் நடுவே உள்ள சில ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு மீனைப் பற்றி முதலில் படித்தபோது சரியாக நம்ப முடியவில்லை. வெட்டி ஆறு மாதமான குட்டைக்குக் கெளுத்தி வழி கண்டுபிடிக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தும் இந்த மீனால் மலைக்கு அந்தப் பக்கம் போக முடியவில்லையா?

பனையேறியும் வாத்தும்

முதலில் ஊர் சுற்றும் மீன்களைப் பார்த்துவிடலாம். 1791ஆம் ஆண்டு நவம்பரில், தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் படை அதிகாரி டால்டார்ஃப், குளக்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்குச் சுமார் ஐந்தடி மேலே ஒரு மீன் தொற்றிக்கொண்டு ஏறுவதைக் கண்டதாக எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உண்மையிலேயே ஏறியதா, யாராவது எறிந்தார்களா என்று அறிஞர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். நம் ஊரில் அதற்குப் பெயரே பனையேறிக் கெண்டை. மரம் ஏறுவதில் சந்தேகம் இருக்கலாம். தரையில் நடப்பதில் இல்லை. செவுள் மூடியின் முள்ளை மண்ணில் ஊன்றி, வாலை உந்தி, ஈரத் தரையில் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு அது போய்விடும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் வழியே நம்மைப்போலக் காற்றையே சுவாசிக்கும்.

விராலும் குரவையும் காற்றைச் சுவாசிக்கக்கூடியவைதான். கனமழையில் வயலும் வாய்க்காலும் வண்டித்தடமும் ஒரே தண்ணீராகிவிடும் நாளில், விரற்கடை ஆழம் கிடைத்தாலே அவற்றுக்குச் சாலை கிடைத்த மாதிரி. பண்ணைக்குட்டைப் புதிருக்குப் பெரும்பாலும் விடை இவ்வளவுதான்.

கொக்கு கதையையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஹங்கேரியில் ஆய்வாளர்கள் சில வாத்துகளுக்கு மொத்தம் 8,000 கெண்டை முட்டைகளைத் தின்னக் கொடுத்து, எச்சத்தைச் சலித்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. முழுதாக வெளியே வந்தவை 18. அவற்றில் உயிரோடு இருந்தவை 12. பொரிந்தவை 3. எட்டாயிரத்துக்கு மூன்று என்பது கேலிக்குரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் கெண்டை ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டையிடும். வாத்துக் கூட்டமோ தினமும் தின்னும், தினமும் பறக்கும்.

ஆக, காற்றைச் சுவாசிக்க வேண்டும், கலங்கல் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், முட்டையை வாரி இறைக்க வேண்டும். இந்தத் தகுதிகள் உள்ள மீனுக்கு ஊரெல்லாம் உறவு. இவை எதுவுமே இல்லாத மீனுக்கு?

கண்ணில் கோடு

கேரளத்தில் அதைச் செங்கணியான் என்பார்கள். சோரக்கண்ணி என்றும் ஒரு பெயர் உண்டு. சோர என்றால் மலையாளத்தில் இரத்தம். மூக்கு நுனியில் தொடங்கும் இரத்தச் சிவப்புக் கோடு ஒன்று கண்ணின் குறுக்கே ஓடி, உடம்பின் பாதியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஒட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. அது மட்டும் வால் வரை போகிறது. மற்றபடி உடம்பெல்லாம் வெள்ளி. முதுகுத் துடுப்பின் முன் ஓரத்தில் ஒரு தீற்றுச் சிவப்பு. வாலின் இரு நுனிகளிலும் கறுப்பும் மஞ்சளும், கடைசியில் ஞாபகம் வந்து தொட்டு வைத்ததுபோல. நீளம் மிஞ்சிப்போனால் 15 சென்டிமீட்டர். உருண்டு கூம்பிய உடம்பு. ஓடும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே கடைந்தெடுத்த வடிவம்.

வண்ணமீன் வியாபாரிகள் வைத்த பெயர் 'மிஸ் கேரளா'. அறிவியல் பெயரில் ஒரு கவர்னர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சென்னை ராஜதானிப் படையில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, திருவிதாங்கூர் மலையடிவாரத்து முண்டக்கயத்தில் கிடைத்த மீனை வைத்து 1865இல் இதை விவரித்தார். அப்போது சென்னை கவர்னராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். கவர்னர் அடுத்த ஆண்டே பதவி முடிந்து கப்பல் ஏறிவிட்டார். மீன் இன்றுவரை டெனிசனியாகத்தான் இருக்கிறது. 2013இல் இதற்கும் இதன் நெருங்கிய உறவுக்கும் சேர்த்துச் சஹ்யாத்ரியா என்று ஒரு புதிய பேரினம் உருவாக்கினார்கள். மலையின் பெயர் மீனுக்கு வந்தது. முன்னதைவிடப் பொருத்தமான பெயர் என்பது என் கட்சி.

தெற்கே பம்பை, அச்சன்கோவில் முதல் வடக்கே சந்திரகிரி வரை மேற்கே பாயும் ஆறுகள் சிலவற்றின் மேற்பகுதிதான் இதன் வீடு. பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த தெளிந்த தண்ணீர், கரையில் நிழல். இப்படிக் குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு வெளியே இயற்கையாக வாழாத உயிரினத்தைப் பாடநூல்கள் 'அகணிய உயிரி' என்கின்றன. அந்தச் சொல் எனக்குப் பிடிபட்டதே இல்லை. 'ஓரிடவாழ்வி' என்று சிலர் எழுதுகிறார்கள், சொன்னதுமே புரிகிறது. இந்த நூலில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

நிலம்பூரிலிருந்து கண்ணூருக்கு

இப்போது ஒரு சோரக்கண்ணியைப் பயணம் அனுப்பிப் பார்ப்போம். புறப்படும் இடம் நிலம்பூருக்கு மேலே, சாலியாற்றின் ஒரு கிளை. சேரவேண்டிய இடம் கண்ணூர் மாவட்டத்தின் வளபட்டணம் ஆறு. இரண்டிலும் இந்த மீன் உண்டு. ஆறுகளின் முகத்துவாரங்களுக்கு நடுவே சுமார் நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரம். மீனுக்கு இருப்பவை இரண்டே வழிகள்: மேலே அல்லது கீழே.

மேல்வழி. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் நடுவட்டம் தாண்டியவர்களுக்கு அங்கே உள்ள முகடு தெரியும். அதற்குக் கிழக்கே பைக்காரா பக்கம் விழும் மழை மாயாற்றுக்குப் போய், பவானியில் கலந்து, காவிரியோடு பூம்புகாரில் வங்கக்கடலைச் சேரும். மேற்கே சரிந்து பாண்டியாற்றில் விழும் மழை, சாலியாறாகிக் கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் அரபிக்கடலில் கலக்கும். ஓட்டு வீட்டின் முகட்டில் விழும் தூறல் போலத்தான்: ஒரு துளி வாசல் பக்கம், பக்கத்துத் துளி கொல்லைப் பக்கம். இந்த முகட்டை 'நீர்ப்பிரிமேடு' என்போம். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே பாய்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு மூன்று மட்டும் கிழக்கே. மேற்கே பாயும் ஆறுகளுக்கு நடுவிலும் இதேபோல் சின்னச் சின்ன முகடுகள் உண்டு. பனையேறி என்றால் ஏதாவது முயன்று பார்க்கும். சோரக்கண்ணிக்குச் செவுள் மட்டும்தான். தரையில் போட்டால் நிமிடங்களில் முடிந்துவிடும்.

கீழ்வழி. ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய், கரையோரமாக வடக்கே நீந்தி, வளபட்டணத்தின் வாயில் நுழைய வேண்டும். தண்ணீரிலேயே போகும் வழிதான். ஆனால் எந்தத் தண்ணீர்?

எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டாம். மறுநாள் பார்த்தால் ஜாடியில் சாறு நிற்கும், துண்டுகள் சுருங்கியிருக்கும். வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. மெல்லிய சவ்வு ஒன்று நடுவே இருந்தால் தண்ணீர் உப்பு மிகுந்த பக்கம் நகரும். இதுதான் சவ்வூடு பரவல். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நன்னீர் மீனின் இரத்தத்தில் அதில் கால் பங்கு அல்லது கொஞ்சம் கூட இருக்கும். ஆற்று நீரில் உப்பு என்று சொல்லிக்கொள்ளவே பெரிதாக ஒன்றும் இல்லை. எனவே ஆற்றில் இருக்கும்வரை மீன்தான் ஜாடியின் உப்புப் பக்கம். தண்ணீர் இடைவிடாமல் செவுள் வழியாக உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. நன்னீர் மீன் அதனால் தண்ணீர் குடிப்பதே இல்லை எனலாம். நாள் முழுக்க நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதோடு தப்பிப்போகும் உப்பைச் செவுளால் திரும்பப் பிடித்து வைக்கிறது. அதன் சிறுநீரகம், செவுள் எல்லாமே ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவனின் வேலைக்காகத் தயாரானவை.

அந்த மீனைக் கடலில் விட்டால் கணக்கு தலைகீழாகிறது. இப்போது உப்பு வெளியே. உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்; உறுப்புகளோ பழக்கதோஷத்தில் இன்னும் இறைத்துக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள்ளேயே தாகத்தில் சாகும் நிலை. கருவாட்டுக்காரர் செத்த மீனுக்குச் செய்வதைக் கடல் உயிரோடு செய்துவிடும். கொடுவா, விலாங்கு போன்றவை இரண்டு கணக்கும் தெரிந்தவை. அவை கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும். சோரக்கண்ணி சேர்ந்த கெண்டைக் குடும்பத்தில் அந்த வித்தை தெரிந்தவை மிகச் சில.

கடல்வரை போகும் முன்பே இன்னொரு தடை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் உயிர்வாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருக்கக்கூடிய இடத்தில், 30 டிகிரியில் ஏழரைதான். அருவித் தண்ணீரின் தாராளத்தில் வளர்ந்த மீனுக்குச் சமவெளியின் கலங்கிய, சூடான, மெதுவாக நகரும் தண்ணீர் மூச்சு முட்டும் இடம். அடைமழைக் காலத்தில் முகத்துவாரங்களிலும் நன்னீர் புரள்வது உண்மைதான். அப்போது ஒன்றிரண்டு தப்பித் தவறிப் பக்கத்து ஆற்றுக்குப் போயிருக்கலாம். அதை வழக்கம் என்று சொல்ல முடியாது.

மேலே முகடு, கீழே உப்பு. கடலுக்கு நடுவே நிலத்துண்டு இருந்தால் தீவு என்கிறோம். நிலத்துக்கு நடுவே இருக்கும் இந்தத் தண்ணீர்த் துண்டை, அதற்குள் இருக்கும் மீனிடம் கேட்டால், தீவு என்றுதான் சொல்லும்.

திருடும் ஆறுகள்

கவனமாகப் படிப்பவர் இந்நேரம் ஒரு கேள்வி எழுப்பியிருப்பார். ஒவ்வோர் ஆறும் தீவு என்றால், பல ஆறுகளில் ஒரே மீன் எப்படி?

ஆறுகள் இன்று இருப்பதுபோல் என்றும் இருந்ததில்லை என்பதுதான் விடை. ஒரு முகட்டின் இரு பக்கமும் இரண்டு ஓடைகள் முதுகோடு முதுகாகப் பிறக்கின்றன என்று வையுங்கள். ஒரு பக்கம் சரிவு அதிகம், மழையும் அதிகம். அந்த ஓடை தன் தலைப்பக்கத்தையே அரித்து அரித்துப் பின்வாங்கும். ஆண்டுக்கு மயிரிழை அளவு இருக்கலாம். காலம்தான் கொட்டிக் கிடக்கிறதே. ஒருநாள் முகட்டைத் துளைத்து அந்தப் பக்கத்து ஓடையைத் தொட்டுவிடும். தாழ்ந்த வழி கிடைத்ததும் அந்த ஓடையின் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிவிடும். தண்ணீரோடு மீனும். இதை 'ஆற்றுக் கவர்வு' என்கிறார்கள். நம் தாத்தாக்கள் பார்த்திருந்தால் வாய்க்கால் தகராறு என்று சொல்லியிருப்பார்கள்: இரவோடு இரவாக மடையை வெட்டிப் பக்கத்து வயலின் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளும் அதே வேலை. மீன் முகட்டைத் தாண்டவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது, முகடுதான் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

இரண்டாவது வழியைக் கடல் திறந்துவிட்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், பூமியின் தண்ணீரில் இன்று உள்ளதைவிடக் கூடுதலான பங்கு பனிப்பாளங்களாக உறைந்து நின்றது. கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. கேரளக் கரைக்கு அப்பால் இன்று படகுகள் வலை வீசும் ஆழங்குறைந்த பகுதி முழுக்க அப்போது நிலம். ஆறுகள் அதன்மேல் இன்னும் பல கிலோமீட்டர் ஓடித்தான் கடலைச் சேர்ந்தன. இன்று தனித்தனியாகக் கடலில் விழும் பக்கத்துப் பக்கத்து ஆறுகள், அந்தச் சமவெளியில் ஒன்றாகக் கூடி ஒரே வாயில் விழுந்திருக்கக்கூடும். பிறகு பனி உருகியது, கடல் ஏறியது, கூடுதுறைகள் மூழ்கின. மீன்கள் அவரவர் ஆற்றின் மேல்கோடியில் மாட்டிக்கொண்டன.

ஏட்டில் பிழை, மீனில் பிழை

பிரிந்தபின் என்ன ஆகிறது? இதைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் நமக்கு ஏட்டுச்சுவடி தெரியும்.

ஒரு நூலை நான்கு ஊர்களில் படியெடுக்கிறார்கள். படியெடுப்பவர் மனிதர்தானே, ஓரிடத்தில் ழகரம் ளகரமாகிறது, இன்னோரிடத்தில் ஒரு சீர் விடுபடுகிறது. அந்தப் படியைப் பார்த்து அடுத்தவர் எழுதும்போது பழைய பிழை அப்படியே வரும், புதுப்பிழை ஒன்று சேரும். முந்நூறு ஆண்டுகள் கழித்து உ.வே.சாமிநாதையரைப் போன்ற ஒருவர் எல்லா ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கிறார். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. வேறுபாடுகள் கூடக் கூட, பிரிந்த காலம் பழையது.

உயிரினமும் இப்படிப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே வரும் நூல்தான். மரபணுவில் நான்கே எழுத்துகள். ஒவ்வொரு தலைமுறையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப்பிழை விழுகிறது. மீன்கள் ஒரே ஆற்றில் கூடி இணையும்வரை பிழைகள் எல்லோருக்கும் பகிர்ந்துபோகும். ஆறு பிரிந்தால் சாலியாற்றுப் பிழை சாலியாற்றோடு, வளபட்டணத்துப் பிழை வளபட்டணத்தோடு.

2013இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தச் சிவப்புக் கோட்டு மீன்களைப் பல ஆறுகளிலிருந்து எடுத்து, உடல் அளவுகளையும் மரபணுப் பாடபேதங்களையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். ஒரே மீன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள், நெடுங்காலமாகத் தனித்தனியே வளர்ந்த பல மரபுக் கிளைகள் இருப்பது தெரிந்தது. வெளியே அதே வெள்ளி, அதே கோடு. உள்ளே வேறு வேறு ஏடுகள்.

கண்ணுக்கே தெரியும் வேறுபாடு ஒன்றும் உண்டு. சாலக்குடி ஆற்று மீனின் முதுகுத் துடுப்பில் ஒரு கரும்பொட்டு இருக்கும். 1999இல் அதைத் தனி இனமாக விவரித்து, ஆற்றின் பெயரையே வைத்தார்கள்: சாலக்குடியென்சிஸ். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பொட்டு யார் கண்ணிலும் உறுத்தவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆற்றங்கரையில் வலை போட்டவர்களுக்கு உறுத்தியிருக்கும். அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதுவெள்ளமும் அரசாணையும்

1997இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா வண்ணமீன் கண்காட்சியில், புதிய இனங்களுக்கான பிரிவில் இந்த மீன் மூன்றாம் பரிசு பெற்றது. அதன்பின் மீன் விமானம் ஏறத் தொடங்கியது. 2005க்கும் 2012க்கும் இடையே இந்தியாவிலிருந்து, அழியும் ஆபத்தில் உள்ள 30 நன்னீர் மீன் இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் வண்ணமீன் சந்தைக்கு ஏற்றுமதியானதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மூன்றே வகைகளுக்கு. மூன்றில் ஒன்று நம் சிவப்புக் கோட்டுச் சோடி. கூட்டமாகத் திரியும் மீன் என்பதால் பிடிப்பவருக்கு வேலை மிச்சம். ஒரு மடுவில் வலையை இறக்கினால் ஒரு குடும்பமே வரும்.

கேரள அரசு சும்மா இருக்கவில்லை. 2008இல் ஓர் ஆணை போட்டது: ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் இந்த மீனைப் பிடிக்கக் கூடாது. மாதங்களைப் பார்த்தால் காரணம் புரியும். புதுத்தண்ணீருக்கு மீன் ஏறும், ஏறி முட்டையிடும். இது மலைக்கு இரண்டு பக்கமும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். எனவே ஜூன், ஜூலை. வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபர்.

இந்த மீன் எப்போது முட்டையிடுகிறது என்று சந்திரகிரி, வளபட்டணம், சாலியாறு மூன்றிலும் மாதாமாதம் மீன் எடுத்து வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வு 2011இல்தான் வெளிவந்தது. விடை: அக்டோபர் முதல் மார்ச் வரை. தடை விதித்த மூன்று மாதங்களில் ஒன்றுதான் அதற்குள் வருகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை, சினை சுமக்கும் மீன்களுக்கு வலை திறந்தே இருந்தது.

ஏன் மழை முடிந்து முட்டையிட வேண்டும்? சமவெளி மீனுக்கு வெள்ளம் என்றால் வயல்வெளி, ஆழமில்லாத தண்ணீர், குஞ்சுக்குத் தீனி. மலையோடையில் வெள்ளம் என்றால் பாறை உருளும். அந்த வேகத்தில் முட்டை நிற்காது. தண்ணீர் தெளிந்து இறங்கும் மாதங்களை இது தேர்ந்தெடுத்திருப்பதற்கு அதுவே காரணம் என்பது என் ஊகம். ஆற்றங்கரையில் ஆடி மாதம் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு அது பெரிய ஊகமாகவும் தோன்றாது.

அதே ஆய்வில் இன்னோர் எண். ஒரு பெண்மீன் இடுபவை ஏறத்தாழ 400 முட்டையிலிருந்து 1,100 வரை. ரோகுவுக்கு இது லட்சக்கணக்கில் போகும். ஆண் எட்டரை சென்டிமீட்டரும் பெண் ஒன்பதரையும் வளர்ந்தால்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். வாத்து வயிற்றில் எட்டாயிரத்துக்கு மூன்று என்ற கணக்கு நினைவிருக்கும். இந்த மீன் அந்தச் சீட்டாட்டத்தில் உட்காரவே முடியாது. ஒரு மடு காலியானால் மேல்மடுவிலிருந்து வந்து நிரம்பலாம். ஓர் ஆறு காலியானால் பக்கத்து ஆற்றிலிருந்து வருவதற்கு மீண்டும் ஒரு முகடு உடையவேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு பனியுகம்.

எந்த ஆறு?

வளர்த்துவிட முடியாதா? முடியும், வளர்த்திருக்கிறார்கள். கொச்சியை அடுத்த பனங்காட்டு மீன்வளக் கல்லூரியில் ஹார்மோன் ஊசி போட்டு இதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்தார்கள். தென்கிழக்காசியப் பண்ணைகளும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு இப்போது மொத்தமாக வளர்த்து அனுப்புகின்றன. காட்டு மீனுக்கு அதனால் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தால் நல்லதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வண்ணமீன் கடையில் இவற்றைப் பார்த்தேன். நாலடித் தொட்டியில் ஒன்பது மீன்கள். ஒரு மூலையில் வடிகட்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஒன்பதும் அந்த மூலையைப் பார்த்தபடி, ஒரே கோட்டில், வாலை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நீந்தின. கடைப்பையன் தீனி போட்டதும் சிதறி ஓடி, விழுங்கிவிட்டு, மறுபடியும் அதே மூலைக்குத் திரும்பி அதே வரிசை.

"இது எங்க மீன் தம்பி?"

"பண்ணை மீன் சார். வெளிநாட்டுல இருந்து வருது. கேரளால புடிக்கிறது இல்ல, பயப்படாதீங்க."

"அந்தப் பண்ணைக்கு முதல்ல எந்த ஆத்துல இருந்து கொண்டுபோனாங்கன்னு தெரியுமா?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "மீனுக்கு எந்த ஆறா இருந்தா என்ன சார்?"

கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து துடுப்புகளைப் பார்த்தேன். ஏழு மீன்களுக்கு முதுகுத் துடுப்பு சுத்தமாக இருந்தது. ஒன்றுக்குப் பொட்டு கறுப்பாகவே தெரிந்தது. மீதி ஒன்றுக்குப் பொட்டு இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். புகை படிந்ததுபோல ஒரு மங்கல், அவ்வளவுதான்.